பிரேக் முன்கூட்டியே சொல்கிறது

கிறீச்சிடும் சத்தம், பஞ்சு போன்ற பெடல், கருகல் நாற்றம்: பிரேக் கைவிடுவதற்குப் பல வாரங்கள் முன்பே கார் எச்சரிக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு.

மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியிலிருந்து வாய் என்ற சிறு நகரத்துக்கு இறங்கும் பசரணி மலைப்பாதையில், ஞாயிறு மாலைகளில் ஒரு காட்சி தவறாது. மகாபலேஷ்வரில் விடுமுறையைக் கழித்துவிட்டு புனேவுக்கும் மும்பைக்கும் திரும்பும் கார்கள் வரிசையாக இறங்குகின்றன. கீழே தோம் அணையின் நீர் மின்னுகிறது. ஆனால் பின்னால் வருபவர் கண்ணில் படுவதெல்லாம் முன்னால் போகும் கார்களின் சிவப்பு விளக்குகள்தான். அவை அணைவதே இல்லை. வளைவுக்கு வளைவு, நேர்ப்பாதையிலும்கூட, கால் பிரேக்கின் மேலேயே இருக்கிறது. பாதி வழியில் கருகல் நாற்றம் வருகிறது. முன்னால் போகும் லாரியின் வேலை என்று நினைத்துப் பலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார்கள். நாற்றம் பெரும்பாலும் அவர்களுடைய காரிலிருந்தே வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. நான்கு பேரும் மூட்டை முடிச்சுகளுமாக ஒரு சிறிய கார் சுமார் 1,200 கிலோ எடை இருக்கும். அது 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 17 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் டயரும் அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை என்ஜின் ஏற்க வேண்டும், அல்லது பிரேக் ஏற்க வேண்டும். இரண்டாவது கியரில் இறங்குபவர் பெரும்பங்கை என்ஜினிடம் கொடுக்கிறார். நான்காவது கியரிலோ நியூட்ரலிலோ இறங்குபவர் முழுவதையும் கையகலமுள்ள சில பிரேக் பேடுகளின் தலையில் கட்டுகிறார். நல்ல நிலையில் உள்ள பிரேக் இதையும் ஒருமுறை தாங்கிவிடலாம். தேய்ந்துபோன பேடும் ஐந்து ஆண்டுப் பழைய பிரேக் ஆயிலும் தாங்காது.

விபத்து நடந்த மறுநாள் செய்தித்தாள்களில் 'பிரேக் பிடிக்காததால்' என்று ஒரு வரி வரும். ஏதோ வானத்திலிருந்து விழுந்த இடி போல. 2022 நவம்பர் 20ஆம் தேதி இரவு புனேவின் நவலே பாலம் அருகே, சரிவில் இறங்கிய ஒரு லாரி இருபதுக்கும் மேற்பட்ட வாகனங்களை அடுத்தடுத்து மோதித் தள்ளியபோதும் முதலில் சொல்லப்பட்ட காரணம் அதுதான். பிறகு லாரியைச் சோதித்தவர்கள் வேறு கதை சொன்னார்கள்: சரிவில் என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டி வந்திருக்கிறார் ஓட்டுநர். டீசல் மிச்சம் பிடிக்கும் பழைய பழக்கம். என்ஜின் ஓடாவிட்டால் லாரியின் பிரேக்குக்கு வேண்டிய காற்றழுத்தம் மறுபடி நிரம்பாது. கார்களிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். என்ஜினை அணைத்தபின் இரண்டு மூன்று முறை மிதிப்பதற்குள் பூஸ்டரில் சேர்ந்திருந்த வெற்றிடம் தீர்ந்துவிடும். நான்காவது மிதியில் பெடல் கல்லாகிவிடும்.

சட்டமும் 'பிரேக் பிடிக்கவில்லை' என்பதை எளிதில் ஏற்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு, ஓட்டுபவருக்குத் தெரிந்த குறையை மட்டும் குற்றமாக்கவில்லை. சாதாரண கவனம் செலுத்தியிருந்தால் கண்டுபிடித்திருக்கக் கூடிய ஆபத்தான குறையோடு வண்டி ஓட்டுவதும் குற்றமே. 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி இதற்கு அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் குறையால் விபத்து நேர்ந்து யாருக்காவது காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதச் சிறைவாசம் வரை போகலாம்.

இந்த 'சாதாரண கவனம்' யாருடைய பொறுப்பு என்று பார்த்தால்தான் விஷயத்தின் தீவிரம் புரியும். டாக்ஸிகள் குறிப்பிட்ட இடைவெளியில் தகுதிச் சான்றிதழுக்காகச் சோதனைக்கு நின்றாக வேண்டும். சொந்த உபயோகத்துக்கான காருக்கு அந்தத் தொல்லை இல்லை. பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை அதன் பிரேக்கை எந்த அதிகாரியும் தொட்டுப் பார்ப்பதில்லை. புகைச் சான்றிதழ் மட்டும் தவறாமல் கேட்கப்படும். கார் எவ்வளவு புகை விடுகிறது என்பதில் அரசுக்கு அக்கறை உண்டு, அது நிற்குமா என்பதை உரிமையாளரின் மனசாட்சிக்கே விட்டுவிட்டது.

உரிமையாளருக்கோ தன் காரின் பிரேக் தளர்வது கடைசியில்தான் தெரியவருகிறது. காரணம் கவனக்குறைவு மட்டுமல்ல. தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை. பெடல் ஒரு நூலளவு கீழே இறங்கும், கால் அதற்குப் பழகும். அடுத்த மாதம் இன்னொரு நூலளவு. என்றாவது ஒருநாள் மைத்துனர் காரை வாங்கிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, "என்ன மாப்பிள்ளை, பிரேக்கே இல்லையே!" என்று கேட்கும்போதுதான் விழிப்பு வரும். இன்னொருவரை ஓட்டச் சொல்லிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. டெல்லி, மும்பை போன்ற நகரங்களில் சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர்களின் வீடுகளில் நிலைமை தலைகீழ். ஓட்டுநருக்கு எல்லாம் தெரியும். "பிரேக்கைப் பார்க்கணும் சார்" என்று இரண்டு முறை சொல்லியும் இருப்பார். "அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்" என்று பின் இருக்கையிலிருந்து பதில் வந்திருக்கும்.

சத்தத்திலிருந்து தொடங்கலாம். அதுதான் எளிதில் புரிவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். பெரும்பாலான சிறிய கார்களில் முன் சக்கரங்களில் டிஸ்க், பின் சக்கரங்களில் டிரம். டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பேட் புதிதாக இருக்கும்போது சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன். அது 3 மில்லிமீட்டருக்கு இறங்கினால் மாற்றிவிட வேண்டும். இதைச் சொல்வதற்கென்றே பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். பேட் தேய்ந்ததும் தகடு டிஸ்க்கில் உரசிக் கிறீச்சிடும். ஸ்வரம் தப்பிய வயலின் போன்ற இந்தச் சத்தம் காரின் கோளாறல்ல, காரைச் செய்தவர்கள் வைத்த மணி. மணி அடித்தால் ஒரு வாரத்துக்குள் பட்டறைக்குப் போனால் போதும். பேடை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.

அந்த மணியை அலட்சியம் செய்தால் சில ஆயிரம் கிலோமீட்டர்களில் சத்தம் மாறும். கிறீச் போய் 'கரகர' வரும். மாவு மில்லில் கல் அரைபடுவது போன்ற அந்தச் சத்தத்துக்கு ஒரே பொருள்தான்: பேடில் உரசுபொருளே இல்லை, அதைத் தாங்கும் இரும்புத் தகடு டிஸ்க்கின் இரும்பை உழுதுகொண்டிருக்கிறது. இந்த நிலையில் கார் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடிவிடும். பேடுக்கான பணத்தோடு டிஸ்க்குக்கான பணமும் சேரும். இந்தச் சத்தம் கேட்டபின் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போவதைவிட மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பது நல்லது.

எல்லாச் சத்தமும் ஆபத்தல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மும்பையிலோ கொச்சியிலோ மழைக்காலத்தில் இரவு முழுவதும் நனைந்த காரை காலையில் எடுத்தால் முதல் சில மிதிகளில் உரசும் சத்தம் வரும். டிஸ்க்கின் மேல் ஓரிரவில் படிந்த மெல்லிய துருதான் அது. நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் மறைந்துவிடும். மறையாவிட்டால்தான் கவலை. டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையே மாட்டிக்கொண்ட ஒரு சின்னக் கல்லும் ஊரையே கூட்டும் அளவுக்குக் கத்தும். முழங்காலளவு தண்ணீரில் ஓட்டி வந்தபின் பிரேக் சற்று நேரம் மந்தமாக இருக்கும். மெதுவாகப் போய்க்கொண்டே லேசாக மிதித்து உலர்த்தினால் சரியாகிவிடும்.

பெடல் சொல்லும் சேதிகள் இதைவிட நுட்பமானவை, இதைவிட அவசரமானவையும்கூட. நல்ல பிரேக்கின் பெடல் கொஞ்சம் இறங்கியதும் உறுதியாக நின்றுவிடும். பஞ்சு மூட்டையை மிதிப்பது போலிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பிரேக் ஆயில் கெட்டிருக்கிறது. 'ஏர் எடுக்கணும்' என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். ஆனால் மூடிய குழாய்க்குள் காற்று தானாக வராது. எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் ஏரை மட்டும் எடுத்து அனுப்பும் பட்டறை பாதி வேலைதான் செய்திருக்கிறது.

இன்னொரு அறிகுறி போக்குவரத்து நெரிசலில் தெரியும். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு போன்ற இடத்தில் காலை பிரேக்கில் வைத்தபடி நிமிடக்கணக்கில் காத்திருக்கும்போது, பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அது களைப்பால் வரும் பிரமை அல்ல. மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் சீல்கள் தேய்ந்து ஆயிலைப் பின்வாங்க விடுகின்றன. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. கார் அன்றைக்கு வழக்கம்போலவே நிற்கும். ஒருநாள் அவசரமாக மிதிக்கும்போது பெடல் தரையைத் தொடும். இந்த அறிகுறியைக் கண்டபின் நெடுஞ்சாலைப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி. திருமண வீடானாலும்தான்.

எதிர்மாறாக, பெடல் திடீரென்று மரக்கட்டை போல் விறைத்துப்போனால் சந்தேகம் பூஸ்டரின் மேல் விழ வேண்டும். இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். என்ஜின் அணைந்திருக்கும்போது நாலைந்து முறை பிரேக்கை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் என்ஜினைக் கிளப்ப வேண்டும். பெடல் சற்றே கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாவிட்டால் பூஸ்டரோ அதற்குப் போகும் குழாயோ பழுது.

பிரேக் பிடிக்கும்போது பெடலும் ஸ்டியரிங்கும் நடுங்கினால் டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இல்லை. இதில் ஒரு குழப்பம் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பின் விற்கப்படும் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். வழுக்கும் சாலையில் அழுத்திப் பிடிக்கும்போது அது இயங்கினால் பெடல் கடகடவென்று காலை உதைக்கும். பயந்துபோய்க் காலை எடுப்பவர்கள் உண்டு. எடுக்கக் கூடாது. அது கோளாறல்ல, அதன் வேலை. உலர்ந்த சாலையில் மென்மையாகப் பிடிக்கும்போதும் நடுக்கம் வந்தால்தான் பட்டறை.

கார் ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் டயரின் காற்றைச் சரிபார்க்க வேண்டும். அதில் குறையில்லை என்றால் ஒரு பக்க காலிப்பர் இறுகிப்போயிருக்கலாம். சமதரையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி நின்றதும் ஒரு சக்கரத்தருகே மட்டும் அனல் அடித்தால் சந்தேகம் உறுதி. கையைச் சக்கரத்தருகே கொண்டுபோனாலே தெரியும். தொட்டுப் பார்க்கத் துணிந்தால் விரல் பொசுங்கும். ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இறக்காமல் ஓட்டினாலும் இதே அனல் பின் சக்கரங்களில் அடிக்கும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும். ஆறேழு பல்லில் பிடித்துக்கொண்டிருந்த ஹேண்ட் பிரேக் கை கூரையைப் பார்க்கும் அளவுக்கு உயர்ந்தால் பின் டிரம்முக்குள் லைனிங் தேய்ந்திருக்கலாம், அல்லது கேபிள் தளர்ந்திருக்கலாம்.

டாஷ்போர்டு விளக்குகளில் நிறம் முக்கியம். மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும், ஏ.பி.எஸ். உதவி மட்டும் இருக்காது. நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்பதே அதன் வழக்கமான பொருள். இங்கேதான் நம்மவர்களின் ஆபத்தான கைவைத்தியம் நடக்கிறது. அருகிலுள்ள கடையில் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றி நிரப்பிவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் பெட்ரோலைப் போல பிரேக் ஆயில் செலவாகும் பொருளல்ல. மட்டம் குறைந்தால் ஒன்று பேட் வெகுவாகத் தேய்ந்திருக்கிறது, இல்லையேல் எங்கோ கசிகிறது. ஊற்றியதோடு நிறுத்துவது காய்ச்சல்காரரின் தெர்மாமீட்டரை உதறி வைப்பதற்குச் சமம். அவசரத்தில் என்ஜின் ஆயிலை ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது ரப்பர் சீல்கள் அனைத்தையும் ஊதவைத்துக் கெடுத்துவிடும். பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

பசரணி பாதையின் நாற்றத்துக்கும் பெடல் தரை தட்டுவதற்கும் இடையே உள்ள தொடர்பும் இந்த ஆயில்தான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் கொண்டது. டாட் 3 என்ற வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. மூன்றரை சதவீதத்துக்குச் சற்று அதிகமாக நீர் சேர்ந்துவிட்டால் அதன் தாங்கும் வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மலையிறக்கத்தில் பேட் கொதித்து அந்தச் சூடு காலிப்பருக்குப் போகும்போது பழைய ஆயில் கொதித்து ஆவியாகும். திரவத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். அரைமணி நேரம் ஆறவிட்டால் பெடல் பழையபடி உறுதியாகிவிடும் என்பதால், 'இப்போது சரியாகிவிட்டது' என்று மறுபடி கிளம்புபவர்கள் ஏராளம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். ஈரப்பசை மிகுந்த கடலோர நகரங்களில் அதைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். காப்பி டிகாக்‌ஷன் போலக் கறுத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இத்தனை அறிகுறியும் தெரிந்த ஒருவர் பட்டறைக்குப் போன பிறகும் ஏமாற வாய்ப்பிருக்கிறது. பேடைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டினால் சத்தம் நின்றுவிடும். கட்டணமும் குறைவு. மேற்பரப்பு மட்டும் கண்ணாடி போலாகிவிட்ட தடிமனான பேடுக்கு இது சிலகாலம் உதவலாம். தேய்ந்த பேடுக்குச் செய்தால் மணியின் நாக்கைப் பிடுங்கியதாகும். டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து சமன் செய்வதிலும் ஓர் எல்லை உண்டு. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பது பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் பழைய இரும்புக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும்.

உதிரிபாகங்களில் போலிகளின் தொல்லை தனி. டெல்லியின் காஷ்மீரி கேட் போன்ற பெரும் சந்தைகளில் அசலும் நகலும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் கிடைக்கின்றன, போலீஸார் அவ்வப்போது சோதனை நடத்திப் பிடிப்பதும் செய்தியாகிறது. சீட் கவரில் பணம் மிச்சம் பிடிக்கலாம். பிரேக் பேடில் பிடிக்க வேண்டாம். ரசீது தரும் கடையில் வாங்கி, மாற்றும்போது ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். இடதுபக்கம் புதிது, வலதுபக்கம் பழையது என்றால் மழையில் பிடிக்கும்போது கார் சுழலக்கூடும்.

மின்சாரக் கார் வாங்கியவர்கள் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிவிட்டதாக நினைப்பது பாதி உண்மை. வேகத்தைக் குறைக்கும் வேலையை மோட்டாரே பெரும்பாலும் செய்வதால் பேட் நெடுநாள் உழைக்கும். அதிகம் பயன்படாத டிஸ்க்கும் காலிப்பரும் துருவேறி இறுகும் ஆபத்து அங்கே அதிகம்.

எதுவுமே இல்லாமல் 'பிரேக் பிடிக்காமல்' போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மெக்கானிக்கால் சரிசெய்ய முடியாது. இருக்கைக்கு அடியிலிருந்து உருண்டு வந்து பெடலுக்குக் கீழே சிக்கும் தண்ணீர் பாட்டிலும், சுருண்டுகொள்ளும் தரைவிரிப்பும்.

ஓடும்போதே பெடல் தரை தட்டிவிட்டால் செய்யக் கூடியவை சில: விடாமல் மளமளவென்று மிதித்துக்கொண்டே இருப்பது, கியரை ஒவ்வொன்றாகக் குறைப்பது, ஹேண்ட் பிரேக்கைச் சுண்டி இழுக்காமல் படிப்படியாகத் தூக்குவது. என்ஜினை மட்டும் அணைக்கக் கூடாது. ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

பட்டறையில் காரை விடும்போது 'பிரேக்கைப் பார்த்துவிடுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம், மழையிலா வெயிலிலா என்று சொன்னால் வேலை பாதி முடிந்த மாதிரி. பேட் எத்தனை மில்லிமீட்டர் மீதி இருக்கிறது என்பதை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லலாம். கழற்றிய பழைய பேடைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் மெக்கானிக்கைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, ஆளில்லாத தெருவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை, 40இல் ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும். புது பேட் டிஸ்க்கோடு பொருந்தி வர 200, 300 கிலோமீட்டர் ஆகும். அதுவரை முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக இடம் விட்டு ஓட்டினால் போதும்.